பெரியவர்களின் போனை எங்கிருந்து தொடங்குவது?

புது போன் வாங்கிக் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் செய்வது ப்ளே ஸ்டோரைத் திறப்பதுதான். பேப்பர் படிக்க ஒன்று, பஞ்சாங்கத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, பணம் அனுப்ப இரண்டு என்று திரை நிறைய ஆப்களை இறக்கி, "எல்லாம் இருக்குப்பா, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவின் போனைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு, அந்த வரிசையையே மாற்றிக்கொண்டேன். எந்த ஆப்பை ஏற்றலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், போனை வைத்திருக்கப் போகிறவருக்கு அன்றாடம் எது சிரமம் என்று கேட்க வேண்டும். அதற்கான வழி பெரும்பாலும் போனுக்குள்ளேயே இருக்கும், யாரும் திறந்து பார்க்காத செட்டிங்ஸ் பக்கங்களில்.

அப்பாவுக்குச் சிரமம் காது. ஹியரிங் எய்ட் வைத்திருக்கிறார். நாலு பேர் கூடிப் பேசினால் அது எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் கொடுக்கிறதே தவிர, யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துக் கொடுப்பதில்லை. டாக்டர் மாஸ்க் போட்டிருந்தால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. "என்னம்மா சொல்றாரு?" என்று என் பக்கம் திரும்புவார். தன் உடம்பைப் பற்றித் தன்னுடைய டாக்டர் சொல்வதை மகள் வாயால் கேட்டுக்கொள்வது அவருக்கு எவ்வளவு சங்கடம் என்பது முகத்திலேயே தெரியும்.

ஆண்ட்ராய்டு போன்களில் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' என்றொரு வசதி இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசப் பேச, அது எழுத்தாகத் திரையில் ஓடும். கூகுள் இதை 2019 பிப்ரவரியில் வெளியிட்டது. சிறு வயதிலேயே கேட்கும் திறனை இழந்த டிமிட்ரி கனேவ்ஸ்கி என்ற ஆய்வாளர் தன் சக ஊழியரோடு சேர்ந்து உருவாக்கியது இது. காது கேளாதோருக்கென்றே அமெரிக்காவில் இயங்கும் காலாடெட் பல்கலைக்கழகமும் இதில் துணை நின்றிருக்கிறது. இது புரிந்துகொள்ளும் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. செட்டிங்ஸுக்குள் 'அணுகல்தன்மை' (ஆக்சசிபிலிட்டி) என்ற பகுதியில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாத போன்களில் ப்ளே ஸ்டோரிலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதை ஆன் செய்து கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. முதல் மொழியாகத் தமிழையும் இரண்டாவதாக ஆங்கிலத்தையும் வைத்துவிட வேண்டும். பேசுகிறவர் ஆங்கிலத்துக்குத் தாவினால் ஒரு தட்டில் மாற்றிக்கொள்ளலாம். எழுத்தின் அளவைத் தாராளமாகக் கூட்டுங்கள். பெரும்பாலான போன்களில் மைக் அடி விளிம்பில் இருக்கும். அந்த விளிம்பு பேசுகிறவர் பக்கம் இருக்கும்படி போனை மேசையில் வைத்தால் பிழை வெகுவாகக் குறைகிறது. தலைக்கு மேல் மின்விசிறி வேகமாகச் சுற்றினால் குறைக்கச் சொல்லலாம். வீட்டு ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர் போன்றவற்றை முன்கூட்டியே சேர்த்து வைக்கவும் இடம் இருக்கிறது. பேசியதை மூன்று நாள் வரை சேமித்து வைக்கும் தெரிவை ஆன் செய்துவிட்டால், டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வந்து நிதானமாக மறுபடி படிக்கலாம். எதிரில் இருப்பவரிடம் "நீங்க பேசறது இதுல எழுத்தா வரும், பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

கடைசியாகப் போனபோது டாக்டரின் மேசையில் போனை வைத்தோம். "உப்பைக் குறைங்க, காலையில நடக்கறத விட்டுடாதீங்க" என்று அவர் சொன்னது பெரிய எழுத்தில் வந்தது. அப்பா படித்தார். நிமிர்ந்து நேராக டாக்டரிடமே, "சாயங்காலம் நடந்தா போதாதா சார்?" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும்தான் பேசிக்கொண்டார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. நெட் நன்றாகக் கிடைக்க வேண்டும். வேகமாகப் பேசும் வட்டாரப் பேச்சில் சொற்கள் நழுவும். மருந்துப் பெயர்கள் சிதைந்துதான் வரும். அதனால் மாத்திரையின் பெயரையும் அளவையும் மட்டும் எப்போதும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்கிறோம். அதில் போனை நம்பக் கூடாது.

லைவ் டிரான்ஸ்கிரைப்போடு சேர்ந்தே வருவது 'சவுண்ட் நோட்டிஃபிகேஷன்'. காலிங்பெல், கதவு தட்டும் சத்தம், குழந்தை அழுகை, தண்ணீர் ஓடும் சத்தம், புகை அலாரம் ஆகியவற்றைக் கேட்டால் போன் அதிர்ந்து, இன்ன சத்தம் கேட்கிறது என்று காட்டும். அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் யாராவது வந்தால் அப்பாவுக்கு இதுதான் துணை.

காதுக்கு அடுத்தபடி கை. போனில் பேசுவது கஷ்டம் என்பதால் அப்பாவுக்கு வாட்ஸ்அப் செய்திதான் தோது. ஆனால் சின்னச் சின்னக் கட்டங்களில் விரல் வைத்துத் தட்டச்சு செய்ய அவருக்குப் பொறுமையில்லை. கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழுக்குக் குரல் வழி தட்டச்சு 2017 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மைக்கைத் தொடுவதற்கு முன்னால் கீபோர்டு தமிழுக்கு மாறியிருக்க வேண்டும். ஆங்கிலக் கீபோர்டில் நின்றுகொண்டு தமிழில் பேசினால் அது ஆங்கிலச் சொற்களாகவே கேட்டுக்கொண்டு எதையோ எழுதும். "நமக்கு இது சரிப்பட்டு வராது" என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். முழு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் மேடைத் தமிழாகப் பேசினால் அழகாக எழுதித் தருகிறது.

அதே ஜிபோர்டில் தமிழுக்குக் கையெழுத்து வசதியும் இருக்கிறது. திரையில் விரலால் எழுதினால் அச்செழுத்தாக மாறும். வேலைக் காலம் முழுக்க முகவரிகளோடும் பேனாவோடும் வாழ்ந்த அப்பாவுக்கு இதுதான் பிடித்துப்போனது. எழுத்துகளைச் சேர்த்து எழுதாமல் தனித்தனியாக, பெரிதாக எழுதச் சொல்லுங்கள். மொழி விஷயத்தில் இன்னொரு வசதி: ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக மொழியை மாற்றலாம். போன் ஆங்கிலத்தில் இருந்தாலும், இதை அனுமதிக்கும் ஆப்பை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ள முடியும்.

ஆப் என்று தேடி ஏற்றியது பென்ஷனுக்காகத்தான். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். அதை இணையம் வழியாகக் கொடுக்கும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014-ல் வந்தபோது விரல்ரேகை அல்லது கருவிழிக் கருவி தேவைப்பட்டது. வயதாக ஆக ரேகை தேய்ந்துவிடுகிறது. துடைத்துத் துடைத்து வைத்தாலும் கருவி ஏற்பதில்லை. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி வந்த பிறகு வீட்டு வாசலில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்' இரண்டையும் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ அனுப்பும் லிங்கைத் தொடவே வேண்டாம். ஓய்வூதியர்களைக் குறிவைக்கும் மோசடிகள் இந்த வழியாகவும் வருகின்றன. ஆதார் எண், ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.) எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 'ஆபரேட்டர்', அதாவது சான்றைப் பதிவு செய்பவரின் முகத்தைக் கேட்கும். ஓய்வூதியரே ஆபரேட்டராகவும் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினால் போதும். இதுவும் முடியாதவர்கள் கட்டணம் கட்டித் தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்துச் சான்று கொடுக்கலாம்.

அப்பாவின் போனில் நான் செய்த இன்னொரு வேலை, சத்தத்தைக் குறைத்தது. கடன் தருகிறோம், தள்ளுபடி இருக்கிறது என்று நாள் முழுக்க நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டிருந்தால், பேங்க் செய்தியும் மகளின் செய்தியும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். வேண்டாத நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் அங்கேயே அணைக்கலாம். ஆப் முழுவதையும் வாயடைக்க வேண்டியதில்லை. தவறிப்போய்த் தள்ளிவிட்ட செய்தியைத் திரும்பப் பார்க்க, ஆண்ட்ராய்டு 11 முதல் 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' இருக்கிறது. அது தானாக ஓடாது, முன்பே ஆன் செய்து வைத்திருக்க வேண்டும். போனைச் சுத்தம் செய்கிறேன், வேகப்படுத்துகிறேன் என்று வரும் க்ளீனர் ஆப்களை நான் யார் போனிலும் விட்டுவைப்பதில்லை. அந்த வேலையை ஆண்ட்ராய்டே செய்துகொள்கிறது.

பாதுகாப்புக்குச் சிலவற்றை உடனே செய்து வையுங்கள். 2017 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு போனிலும் அவசர பட்டன் இருந்தாக வேண்டும் என்பது விதி. பல ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனைப் படபடவென்று மூன்று முறையோ ஐந்து முறையோ அழுத்தினால் அவசர உதவி எண்ணான 112-க்குப் போகும். உங்கள் போனில் எப்படி என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்த வகை, நீரிழிவு, ஒவ்வாத மருந்து, யாரை அழைக்க வேண்டும் என்பதை அவசரத் தகவலில் நிரப்பிவிட்டால், பூட்டிய திரையிலேயே பிறர் படிக்க முடியும். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண் வேண்டும். யு.பி.ஐ. பின் நம்பர் பணம் அனுப்பத்தான்; நமக்குப் பணம் வருவதற்கு அதைப் போட வேண்டியதே இல்லை. இதை அப்பாவிடம் மட்டுமல்ல, தெருவில் பார்க்கிற எல்லாப் பெரியவர்களிடமும் சொல்கிறேன். அப்படியும் பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

அம்மாவுக்குச் சிரமம் கண். மாத்திரை அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி அவருக்குத் தெரிவதில்லை. அதற்கென்று எதையும் ஏற்றவில்லை. கேமராவில் அட்டையைப் படம் பிடித்து விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அணுகல்தன்மைப் பகுதியில் திரைப் பெரிதாக்கத்தையும் ஆன் செய்திருக்கிறோம். மூன்று முறை தட்டினால் திரையில் இருப்பது பெரிதாகிறது. தேதி பளபளப்பில் மறைந்தால் அட்டையைக் கொஞ்சம் சாய்த்து, ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். இதை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பாதான்.