மூட்டையும் பணமும் சேர்ந்து கமிட் ஆக: இரண்டு தரவுத்தளங்களில் ஒரே பரிவர்த்தனை

மல்லசமுத்திரத்தில் திருச்செங்கோடு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலம் நடக்கும் நாளில், ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கத்து வியாபாரிகள் வந்து ரகம் பார்த்து விலை வைப்பார்கள். அந்தச் சங்கத்தின் கணினியில் என்ன ஓடுகிறது என்பது இங்கே பேச்சல்ல. அதுபோன்ற ஏலத்துக்கு நாமே மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மூட்டை இருப்பு போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. விவசாயி, வியாபாரி கணக்குகள் மைஎஸ்கியூஎல்லில் இருக்கின்றன. ஏலம் முடிந்ததும் மூட்டை வியாபாரி பெயருக்கு மாற வேண்டும், விவசாயி கணக்கில் தொகை ஏற வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் நடக்கக் கூடாது.

முதலில் ஒரு கேள்வி: இரண்டு தரவுத்தளம் தேவையா? இரண்டையும் ஒரே போஸ்ட்கிரெஸில் இரண்டு ஸ்கீமாவாக வைக்க முடியுமானால் அப்படியே வையுங்கள். இந்தக் கட்டுரையே வேண்டாம். கணக்கு மென்பொருள் வேறொருவர் கொடுத்தது, அதை நகர்த்த முடியாது என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

ஸ்பிரிங் பூட் 3, இரண்டு தரவுத்தளங்களையும் சேர்த்துக் கமிட் செய்யவைக்கும் ஒருங்கிணைப்பாளராக அட்டாமிகோஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய பயிற்சிக் குறிப்புகளில் ஸ்பிரிங் பூட்டின் சொந்த அட்டாமிகோஸ் ஸ்டார்ட்டர் இருக்கும். 3.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அட்டாமிகோஸ் தரும் ஸ்டார்ட்டரையே சேர்க்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் மேக்ஸ்_பிரிப்பேர்டு_டிரான்சாக்‌ஷன்ஸ் என்ற அமைப்பு இயல்பாக 0. அதாவது பரிவர்த்தனையைத் தயார் நிலையில் நிறுத்திவைக்கும் வசதியே அணைந்து கிடக்கிறது. அதை மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் எண்ணுக்குக் குறையாமல் வைத்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோடு போதாது.

டேட்டாசோர்ஸ் இரண்டும், பல தரவுத்தளப் பரிவர்த்தனைக்கான தரநிலையான எக்ஸ்ஏ வகையாக இருக்க வேண்டும். சாதாரண டிரைவரைக் கொடுத்து, நிரல் ஓடுகிறதே என்று திருப்திப்படாதீர்கள். ஓடும், ஆனால் உத்தரவாதம் இருக்காது. மைஎஸ்கியூஎல் இணைப்பு முகவரியில் பின்குளோபல்டிஎக்ஸ்டுஃபிசிகல்கனெக்‌ஷன் என்பதை ட்ரூ என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே பரிவர்த்தனையின் அடுத்தடுத்த கட்டங்கள் வேறு வேறு இணைப்புகளுக்குப் போய்விடும். மைஎஸ்கியூஎல் 8 என்றால் அந்தப் பயனருக்கு எக்ஸ்ஏ_ரெக்கவர்_அட்மின் உரிமையும் வேண்டும். இதைத்தான் பலர் விடுகிறார்கள். விட்டாலும் அன்றாட வேலை எதுவும் நிற்காது. சர்வர் விழுந்து எழுந்து மீட்க வேண்டிய நாளில் மீட்பு நடக்காது.

இதுவரை சொன்னது அரைமணி நேர வேலை.  தடுக்கி விழும் இடம் அடுத்து வருகிறது.

இரண்டு கட்டக் கமிட் என்பதை ஜிம் கிரே 1978இல் எழுதிவைத்தார். எக்ஸ்/ஓப்பன் குழு 1991இல் அதை எக்ஸ்ஏ என்ற தரநிலையாக்கியது. ஒருங்கிணைப்பாளர் இரண்டு தரவுத்தளங்களையும் முதலில் ‘தயாரா?’ என்று கேட்கிறார். இரண்டும் ‘தயார்’ என்ற பிறகு, கமிட் செய்வது என்ற முடிவைத் தன் லாகில் எழுதுகிறார். அதன்பின் ஒவ்வொன்றாகக் கமிட் சொல்கிறார். ‘தயார்’ என்ற தரவுத்தளம் தானாக முடிவெடுக்காது. பூட்டைப் பிடித்தபடி பதிலுக்குக் காத்திருக்கும். ஆகவே முடிவு எங்கே இருக்கிறது? அந்த லாக் கோப்பில் மட்டும்.

இப்போது அந்த லாக் டாக்கர் கன்டெய்னருக்குள் இருக்கிறது என்று வையுங்கள். மைஎஸ்கியூஎல் கமிட் ஆகிவிட்டது, போஸ்ட்கிரெஸுக்குச் சொல்லுமுன் கன்டெய்னர் செத்துவிட்டது. புதுக் கன்டெய்னர் வெறும் லாகுடன் எழுகிறது. போஸ்ட்கிரெஸில் தன் பெயரில் ஒரு பரிவர்த்தனை தொங்குவதைப் பார்க்கிறது, லாகில் முடிவு இல்லை, ஆகவே ரோல்பேக் செய்கிறது. விதிப்படி அது சரியான செயல். ஆனால் விவசாயி கணக்கில் பணம் ஏறிவிட்டது, மூட்டை இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. எந்தப் பிழைச்செய்தியும் வராது. லாக் கோப்புறையை நிலையான டிஸ்கில் வைப்பது என் முதல் விதி, இதற்கு விலக்கே கிடையாது.

இரண்டாவது, பெயர். ஒவ்வொரு ஒருங்கிணைப்பாளருக்கும் டிஎம்_யுனிக்_நேம் என்று ஒரு பெயர் உண்டு. நீங்கள் கொடுக்காவிட்டால் கணினியின் ஐபி முகவரியை வைத்து அது தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். கன்டெய்னர் மறுபடி எழும்போது ஐபி மாறினால் பெயரும் மாறும். புதுப் பெயர்க்காரர் பழைய பெயரில் தொங்குவதைத் தன்னுடையதாகப் பார்க்கமாட்டார். அந்த மூட்டை வரிசையின் பூட்டு அப்படியே நிற்கும், வேக்யூமும் அதற்குப் பின்னால் சுத்தம் செய்ய முடியாது. எனவே ‘ஏலம்-1’, ‘ஏலம்-2’ என்று நீங்களே வையுங்கள். குபர்னட்டிஸ் என்றால் ஸ்டேட்ஃபுல்செட் போட்டு, பாட் பெயரையே பெயராகக் கொடுத்து, பாட் ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம் கட்டுங்கள். இரண்டு பிரதிகளுக்கு ஒரே பெயர் கூடவே கூடாது. ஒன்று மீட்கும்போது மற்றது நடுவழியில் வைத்திருப்பதை ரோல்பேக் செய்துவிடும். லாக் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று பிழை வந்தால் லாக் கோப்புகளை அழித்து அதன் வாயை அடைக்காதீர்கள். இரண்டு பிரதிகள் ஒரே கோப்புறையைப் பிடிக்கின்றன என்று அது சொல்கிறது.

இதைச் சோதிக்காமல் ஏல நாளுக்குக் கொண்டுபோகாதீர்கள். பரிவர்த்தனையின் நடுவில் எக்செப்ஷன் எறிந்து பார்ப்பது சோதனை ஆகாது, அது சாதாரண ரோல்பேக்தான். டீபக்கரை இணைத்து, போஸ்ட்கிரெஸ் எக்ஸ்ஏ இணைப்பின் கமிட் மெத்தடில் பிரேக்பாயின்ட் வையுங்கள். ஒரு மூட்டையை விற்றுப் பாருங்கள். நின்றதும் இன்னொரு டெர்மினலில் கில் மைனஸ் 9. பிறகு போஸ்ட்கிரெஸில் பிஜி_பிரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸைப் பாருங்கள், ஒரு வரிசை தொங்கும். மைஎஸ்கியூஎல்லில் எக்ஸ்ஏ ரெக்கவர் கட்டளைக்கு ஒன்று வரலாம், வராமலும் போகலாம். எது முதலில் கமிட் ஆனது என்பதைப் பொறுத்தது. அதே பெயர், அதே லாகுடன் செயலியை எழுப்புங்கள். சிறிது நேரத்தில் இரண்டு பக்கமும் காலியாகி, மூட்டையும் பணமும் சேர்ந்து மாறியிருக்க வேண்டும். பிறகு இதையே இன்னொருமுறை செய்து, செயலியை எழுப்புமுன் லாகை அழித்துவிடுங்கள். மைஎஸ்கியூஎல் முதலில் கமிட் ஆகியிருந்தால், நான் மேலே சொன்ன கோளாறு கண்ணெதிரே நடக்கும். அதைப் பார்த்தவர்களுக்கு டிஸ்க் விஷயத்தில் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

அட்டாமிகோஸ் ஒரு பரிவர்த்தனைக்குத் தரும் கால வரம்பு இயல்பாக 10 வினாடி. அதைக் கூட்டச் சொல்லி வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பரிவர்த்தனைக்குள் எஸ்எம்எஸ் அனுப்புகிறீர்களா? எடை ரசீதை அச்சடிக்கிறீர்களா? அவற்றை வெளியே எடுங்கள், 10 வினாடியே தாராளம்.

ஓட ஆரம்பித்த பிறகு, பிஜி_பிரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸில் 5 நிமிடத்துக்கு மேல் தொங்கும் வரிசை ஏதாவது இருந்தால் அலாரம் அடிக்கும்படி செய்யுங்கள். அடித்ததும் அவசரப்பட்டு ரோல்பேக் பிரிப்பேர்டு போட வேண்டாம். மைஎஸ்கியூஎல்லில் அந்த ஏல ரசீதின் தொகை ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறியிருந்தால் கமிட் பிரிப்பேர்டு. ஏறவும் இல்லை, எக்ஸ்ஏ ரெக்கவரிலும் தொங்கவில்லை என்றால்தான் ரோல்பேக். அங்கேயும் தொங்கினால் லாகில் உள்ள முடிவுதான் இரண்டுக்கும். கட்டளையை அதே தரவுத்தளத்தில் இணைந்து, பரிவர்த்தனையைத் தொடங்கிய பயனராகவோ சூப்பர்யூசராகவோ கொடுக்க வேண்டும்.

வங்கிக்குப் பணம் அனுப்புவதை இதற்குள் இழுக்க முடியாது. எந்த வங்கியின் ஏபிஐயும் உங்கள் எக்ஸ்ஏவுக்குத் ‘தயார்’ சொல்லாது. கணக்குத் தரவுத்தளத்திலேயே ‘அனுப்ப வேண்டியவை’ என்று ஒரு டேபிள் வைத்து, அதே பரிவர்த்தனையில் அதில் ஒரு வரிசை எழுதுங்கள். தனியாக ஓடும் ஒரு வேலை அதை எடுத்து அனுப்பட்டும். ஏல ரசீது எண்ணையே குறிப்பெண்ணாகக் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் வங்கி மறுக்குமா என்று முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மறுக்காது என்றால், பதில் வராத ஒவ்வொன்றையும் நிலை விசாரித்த பிறகே மீண்டும் அனுப்ப வேண்டும்.