தேறியோர் கணக்கும் சேராதோர் கணக்கும்

பொதுத்தேர்வு முடிவுகளில் விருதுநகர் மாவட்டத்திற்குத் தனி இடம் உண்டு. 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமான பின், பல்லாண்டுகள் பிளஸ் டூ தேர்ச்சியில் அது மாநிலத்திலேயே முதலிடம் வகித்தது. 2023-லும் 97.85 சதவிகிதத் தேர்ச்சியுடன் அவ்விடத்தைப் பெற்றது. வானம் பார்த்த கரிசல் பூமிக்கு இது சிறிய பெருமையன்று.

ஆயினும் அப்பெருமை தொடங்கிய அதே காலத்தில், இம்மாவட்டத்துச் சிவகாசி வட்டாரம் குழந்தைத் தொழிலாளர்க்கும் பெயர் பெற்றிருந்தது. பொழுது புலருமுன் தொழிற்சாலைப் பேருந்துகள் கிராமங்களுக்கு வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் செல்லும். தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அவர்கள் வேலை; கூலி எண்ணிக்கைப்படி. இவர்களுள் பெண் குழந்தைகளே மிகுதி. முன்பணம் வாங்கிவிட்ட வீட்டார் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் துணிவது எங்ஙனம்?

இவ்விரண்டும் ஒரே மாவட்டத்தில் எவ்வாறு பொருந்தின? சதவிகிதம் போடும் முறையைச் சற்று ஆராய்வோம். ஓர் ஊரில் பிள்ளைகள் 100 பேர் என்று கொள்வோம். 60 பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்து, 57 பேர் தேறினால் தேர்ச்சி 95 சதவிகிதம். ஊர்க் கணக்கிலோ 57 தான். எஞ்சிய 43 பேரில் தவறியவர் மூவரே. 40 பேர் தேர்வுக்கூடத்தையே காணாதவர். அவர்களைத் தேர்ச்சிப் பட்டியல் அறியாது.

வீடுதோறும் பிடி அரிசி திரட்டிப் பள்ளி நடத்திய ஊர் விருதுநகர். அவ்வாறு வளர்ந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில் பயின்ற காமராஜரே, ஆறாம் வகுப்போடு நின்று மாமன் துணிக்கடையில் அமர நேர்ந்தது. பள்ளி அருகிலிருந்தும் வீட்டுநிலை பிள்ளையை இழுத்துக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதலில் தொடங்கிய இடங்களுள் சிவகாசியும் ஒன்று. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு அமர்த்தும் முதலாளி குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் செலுத்துமாறு பணித்தது. அக்குழந்தையின் குடும்பத்தில் வயது வந்த ஒருவர்க்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும் என்றும் கூறியது. பின்னதையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். பறிபோகும் கூலிக்கு ஈடு காட்டாத சட்டத்தை எந்தத் தாய் வரவேற்பாள்? 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், விடியலில் வேலைக்குப் புறப்படும் தாய்மாரின் கவலையில் ஒன்றைக் குறைக்கிறது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கையில், ஊராட்சியும் பள்ளி மேலாண்மைக் குழுவும் வீடுவீடாகச் சென்று ஐந்து வயது நிறைந்தோர் பெயர்களைக் குறித்து, சேர்க்கைப் பதிவேட்டுடன் ஒப்பிடலாம். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு வேலை நெருக்கும். அப்போது வருகைப் பதிவேட்டை வாரந்தோறும் பார்ப்பது நலம். எட்டாம் வகுப்பு முடித்த பெண்கள், உள்ளூரில் உயர்நிலைப்பள்ளி இல்லாவிடில், ஒன்பதாம் வகுப்புக்கு எந்த ஊர் செல்கிறார்கள், எந்தப் பேருந்தில் செல்கிறார்கள் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.