சிரிப்பை எழுதியவர்
(சித்ராலயா கோபுவின் திரையெழுத்து)

நுழையும்முன்

திரையரங்கில் எழும் சிரிப்பொலி நடிகரையே சென்றடைகிறது. அச்சிரிப்பைத் தாளில் எழுதியவரின் பெயரோ படத்தின் தொடக்கத்தில் ஒருமுறை தோன்றி மறைந்துவிடுகிறது. துணுக்காக இருந்த நகைச்சுவையைக் கதையாக வளர்த்த எழுத்தாளர் ஒருவரை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

தனித்தடமாக இருந்த நகைச்சுவை

வாழவந்தி உள்ளிட்ட மலையூர்களைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலையிலிருந்து சேலத்திற்கு இறங்கிவரும் ஏற்காடு சாலையில், பழைய நுழைவாயில் வளைவு ஒன்று நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் எஞ்சிய அடையாளம் அது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அந்நிறுவனத்தின் படைப்பே.

பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில் நகைச்சுவை பெரும்பாலும் கதைக்கு வெளியே, தனித்தடமாகவே அமைந்தது. காளி என். ரத்தினம் – சி.டி. ராஜகாந்தம் இணை இவ்வாறு சிரிப்பூட்டிப் புகழ்பெற்றது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்து, அவற்றில் சீர்திருத்தக் கருத்துகளையும் கலந்தார். எனினும், அப்பகுதிகளை நீக்கினாலும் மூலக்கதை குலையாது நிற்கும் நிலையே பல படங்களில் இருந்தது. இந்நிலையை மாற்றியவர்களுள் சித்ராலயா கோபு குறிப்பிடத்தக்கவர்.

செங்கல்பட்டில் முளைத்த நட்பு

கோபுவின் இயற்பெயர் சடகோபன். இயக்குநர் ஸ்ரீதரும் அவரும் செங்கல்பட்டில் பள்ளித்தோழர்கள்; நாடக ஆர்வம் இருவரையும் பிணைத்தது. ஸ்ரீதரின் மனம் உணர்ச்சிமிகு காட்சிகளை நாடியது. கோபுவின் மனம் நகைச்சுவையை நாடியது. பின்னாளில் திரையிலும் இப்பங்கீடு தொடர்ந்தது. ஸ்ரீதர் தொடங்கிய 'சித்ராலயா' நிறுவனத்தின் பெயரே கோபுவின் பெயருக்கு அடைமொழியாயிற்று.

ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' (1959) காதலின் இழப்பைப் பேசும் துன்பியல் கதை. அதன் நகைச்சுவைப் பகுதியில் கோபுவின் பங்கு பெரிது. வேலையில்லாத கணவன், தான் ஒரு நிறுவனத்தில் பணிபுரிவதாக மனைவியிடம் கதையளக்கிறான். பிறகு தானே எழுத்தாளர் பைரவன் என்றும் துணிந்து கூறிவிடுகிறான். ஒரு பொய்யைக் காக்க மற்றொரு பொய் தேவைப்படுகிறது. கே.ஏ. தங்கவேலுவும் எம். சரோஜாவும் நடித்த அக்காட்சிகளால், 'மன்னார் அன் கம்பெனி' என்னும் இல்லாத நிறுவனத்தின் பெயர் மக்கள் பேச்சில் நிலைபெற்றது.

சிரிப்பே கதையானது

துன்பியல் படங்களால் புகழ்பெற்ற ஸ்ரீதர், முழுநீள நகைச்சுவைப் படம் ஒன்றை எடுக்க முற்பட்டார். சென்னை மெரினா கடற்கரையில் இருவரும் கூடிப் பேசி உருவாக்கிய கதையே 'காதலிக்க நேரமில்லை' (1964). ஆனைமலைப் பகுதியில் நிகழும் இக்கதையின் காட்சிகள் ஆழியாறு அணைப்பகுதியில் படமாக்கப்பட்டன.

பணத்தை மதிக்கும் பண்ணையார் விசுவநாதன். அவரால் வேலையை இழந்த இளைஞன் அசோக். பண்ணையாரின் மகளை மணக்க அவன் கூறும் பொய். அவனுடைய செல்வத் தந்தையாக வேடமிட்டு வரும் நண்பன் வாசு. அந்த வாசு விரும்பும் பெண்ணும் அதே வீட்டில் இருக்கிறாள் என்பதே கதையின் முடிச்சு. இங்கு நகைச்சுவையை நீக்கினால் கதையே இல்லை.

பண்ணையாரின் மகன் செல்லப்பா, படம் எடுக்கும் கனவோடு 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' நடத்துபவன். அவன் தந்தைக்குத் திகில்கதை சொல்லும் காட்சியில் கதை சொல்பவர் நாகேஷ். அச்சத்தை முகத்தில் காட்டுபவர் டி.எஸ். பாலையா. சொல்பவரைப் போலவே கேட்பவரும் சிரிப்பை விளைவிக்கிறார். பேசாமல் இருக்கும் பாத்திரத்திற்கும் இடமளிப்பது வசனகர்த்தாவின் நுட்பமாகும்.

மேடையிலிருந்து திரைக்கு

கோபு நாடக எழுத்தையும் கைவிடவில்லை. அவருடைய 'திக்குத் தெரியாத வீட்டில்' நாடகம் 'வீட்டுக்கு வீடு' (1970) என்னும் படமாயிற்று. 'காசேதான் கடவுளடா' நாடகத்தை 1972இல் ஏவி.எம். நிறுவனத்திற்காக அவரே திரைப்படமாக இயக்கினார். சிற்றன்னையின் பிடியிலுள்ள பணத்தைப் பெறுவதற்காகத் தேநீர்க் கடைக்காரர் ஒருவரைச் சாமியாராக்கும் கதை அது. சாமியார் வேடத்திற்கும் சென்னைப் பேச்சுவழக்கிற்கும் உள்ள முரண், தேங்காய் சீனிவாசனின் நடிப்பில் பெருஞ்சிரிப்பாயிற்று.

நகையின் இலக்கணம்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார். மடன் என்பது கேட்டதை அப்படியே நம்பும் இயல்பு. மேற்கண்ட மூன்று படங்களிலும் ஒருவன் தான் அல்லாத ஒருவனாக நடிக்கிறான், மற்றவர் நம்புகின்றனர். உண்மையை அறிந்த பார்வையாளர் சிரிக்கின்றனர்.

அப்பொய்களின் வேர் ஒன்றே. வேலையில்லாதவன் வீட்டில் மதிப்புப் பெறவும், ஏழை இளைஞன் பெண் கேட்கவும் பொய் தேவைப்படுகிறது. காவி உடுத்தினால் தேநீர்க் கடைக்காரரும் வணங்கப்படுகிறார். மனிதனை விடுத்துப் பணத்தையும் தோற்றத்தையும் மதிக்கும் சமூகத்தையே இச்சிரிப்பு சுட்டுகிறது. ஆயினும், எங்கும் அறிவுரை கூறுவதில்லை.

நடிகரின் முகம் நினைவில் நிற்பது இயல்பு. அம்முகம் மலர்வதற்குரிய சூழலை முன்கூட்டியே எண்ணிப் படைத்தவரையும் நினைத்தல், கலையை முழுமையாக அறிதலாகும்.

தெரிந்து தெளிவோம்

'காதலிக்க நேரமில்லை' தெலுங்கில் 'பிரேமிஞ்சி சூடு' (1965) எனவும், இந்தியில் 'பியார் கியே ஜா' (1966) எனவும் மீண்டும் எடுக்கப்பட்டது. மொழி மாறினும் சூழலில் பிறக்கும் நகைச்சுவை மாறாது என்பதற்கு இது சான்று.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் விரும்பும் நகைச்சுவைக் காட்சி ஒன்றின் வசனகர்த்தா யார் எனக் கண்டறிந்து வகுப்பறையில் கூறுக.
2. அக்காட்சியை நீக்கினால் கதை என்னவாகும்? கலந்துரையாடுக.
3. ஒருவரையும் இழிவுபடுத்தாத நகைச்சுவை உரையாடல் ஒன்றை, உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தைக் களமாகக் கொண்டு எழுதுக.