ஆயிரம் ரூபாயும் ஒரு தட்டு பொங்கலும்

துறையூர் ரோட்டில் திருவெள்ளறை. சுவஸ்திகா கிணறு பார்க்க நாம பைக்ல போற ஊர்தான். அங்க மூணாவதும் அஞ்சாவதும் அரசுப் பள்ளியில படிக்கிற ரெண்டு பிள்ளைங்க உள்ள வீட்டை எடுத்துப்போம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. தகுதி இருந்தா மாசம் ₹1000, அம்மாவோட கணக்குக்கே வரும். பிள்ளைங்களுக்குப் பிரிச்சா ஆளுக்கு நாளைக்கு 17 ரூபாய்கூட இல்ல. ஆனா அப்படிப் பிரிக்கிறதே தப்பு. ஜெர்மனியில 'கிண்டர்கெல்ட்' பிள்ளைக்கு இவ்வளவுன்னு வரும். இங்க எத்தனை பிள்ளை இருந்தாலும் அதே ஆயிரம்தான். சம்பளமே இல்லாம வீட்டு வேலை பார்க்கிற பெண்ணோட உரிமை அது.

அப்போ பிள்ளைக்கு? அது பொருளா வருது: காலை உணவு, சத்துணவு, பாடநூல், சீருடை. ரெண்டு பிள்ளைன்னா ரெண்டு தட்டு.

இப்போ நம்ம கணக்கு. விலைவாசி வருஷம் 5% ஏறுதுன்னு வெச்சுக்குவோம். தொகை மாறாம நின்னா அஞ்சு வருஷத்துல அதோட மதிப்பு 1000 ÷ 1.05⁵, சுமார் ₹784. பொங்கல் தட்டுக்கு இந்தத் தேய்மானம் இல்ல. அரிசி விலை ஏறினா அந்தச் செலவு அரசோடது.

ஆனா ஞாயிற்றுக்கிழமையும் மே மாசமும் தட்டு கிடையாது. அன்னைக்கு வீட்டு அடுப்புக்கு அந்த 784-தான்.