கலம் கையில் கிடைத்தால் போதுமா?

நம்பிக்கை: வேற்றுக்கிரகக் கலம் ஒன்று அமெரிக்காவிடம் சிக்கியது. அதைப் பிரித்துப் பார்த்து விண்வெளிப் போர் விமானம் கட்டி ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

உண்மை: பொதுவெளிக்கு வந்த சான்றுகளில் பெரும்பகுதி கேள்விப்பட்ட பேச்சுதான். அமெரிக்க விமானப்படையின் முன்னாள் உளவு அதிகாரி டேவிட் குரூஷ் 2023 ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன் இப்படியொரு ரகசியத் திட்டம் உண்டென்றார். தாம் கண்டதாக அல்ல, பிறர் சொல்லக் கேட்டதாக. 2024 மார்ச்சில் பென்டகனின் ஆய்வு அலுவலகம் அதற்குச் சான்றில்லை என்றது. மறைப்பவரையே விசாரித்தால் உண்மை வருமா என்று கேட்பது நியாயம்தான். ஆகவே அந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு, பட்டறைக்காரர் கேட்கும் கேள்வியைக் கேட்போம்: அப்படியொரு கலம் கிடைத்தாலும் அதைப் பார்த்து இன்னொன்று கட்ட முடியுமா?

நம்பிக்கை: பிரித்துப் பார்த்தால் தொழில்நுட்பம் பிடிபட்டுவிடும்.

உண்மை: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலையும் ரோலிங் மில்லும் அறிந்தவர்கள் இதற்குச் சட்டென்று தலையாட்ட மாட்டார்கள். உதிரிபாகத்தின் அளவை வெர்னியர் காட்டும்; எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்பதை ஸ்பெக்ட்ரோமீட்டர் சொல்லும். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்து எப்படிக் குளிரவிட்டார்கள் என்பதை அந்தத் துண்டிலிருந்து முழுதாகக் கறந்துவிட முடியாது. 1944இல் சோவியத் மண்ணில் அவசரமாக இறங்கிய அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்களை ஸ்டாலின் திருப்பித் தராமல், அப்படியே நகலெடுக்கும்படி விமான வடிவமைப்பாளர் டுப்போலெவிடம் ஒப்படைத்தார். அங்குலக் கணக்கில் உருட்டிய தகடு அங்கே கிடையாது. மில்லிமீட்டர் தகட்டுக்கேற்ப எடையையும் வலுவையும் திரும்பக் கணக்குப் போட்டார்கள். எஞ்சின் சொந்தத் தயாரிப்பு. 1947இல் அந்த நகலான டியு-4 பறந்ததற்குக் காரணம், நகலெடுத்த நாட்டிடம் அதே காலத்து விமானத் தொழில் முன்பே இருந்ததுதான்.

நமக்கு இன்னும் பக்கத்துச் சான்று, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ஜிஎஸ்எல்வி ராக்கெட். 1993இல் அமெரிக்க நெருக்கடிக்குப் பணிந்த ரஷ்யா, அதன் கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குத் தர மறுத்து, செய்து முடித்த ஏழு ராக்கெட் அடுக்குகளை மட்டும் தர ஒப்புக்கொண்டது. பொருள் வந்தது, வித்தை வரவில்லை. உள்ளே எரிவது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் என்பது ஊரறிந்த சேதி. ஆனாலும் நம் சொந்த அடுக்கு 2010 ஏப்ரலில் முதல் பயணத்தில் தோற்று, 2014 ஜனவரியில்தான் வென்றது. நம்மைப் போன்ற மனிதர் செய்த எஞ்சினுக்கே இத்தனை காலம் பிடித்தது. எந்த விதியில் இயங்குகிறது என்றே தெரியாத கலம் எத்தனை தலைமுறை கேட்கும்?

நம்பிக்கை: ரேடாருக்கு எளிதில் சிக்காத எஃப்-117 போர் விமானத்தையே 1981 முதல் 1988 வரை மறைத்தார்களே, இதை மறைக்க முடியாதா?

உண்மை: மறைத்தது மெய்தான். ஆனால் அந்த ரகசிய விமானத்துக்குள் இருந்தது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்404 எஞ்சின். அதன் இன்னொரு வடிவம்தான் நம் தேஜஸ் போர் விமானத்தில் இருக்கிறது. விமானம் ரகசியம், அதைத் தாங்கிய தொழில் ஊரறிந்தது. வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்தில் போர் விமானம் கட்டியிருந்தால், அதற்கென்றே புது உலோகக் கலவைகளும் உலைகளும் சோதனை மேடைகளும் ஆயிரக்கணக்கான கைகளும் வேண்டியிருந்திருக்கும்; அந்த அறிவு மற்றத் தொழில்களிலும் கசிந்திருக்கும். இந்தக் கதையை நம்பச் சொல்பவர் வானத்தில் தெரிந்த வெளிச்சத்தைக் காட்ட வேண்டாம். அதைக் கட்டிய ஆலையைக் காட்டட்டும்.