கத்தரி பிடித்த கை மரத்துப்போகிறதே?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 38. பதினெட்டு வருஷமாக சலூன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கத்தரியை எடுத்தால், ராத்திரிதான் கீழே வைப்பேன். நாலைந்து மாதமாகத் தூக்கத்தில் வலது கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். உதறினால் சரியாகிறது. போன வாரம் ஒருவருக்குக் காதோரம் வெட்டும்போது கத்தரியே நழுவிவிட்டது. வலி மாத்திரையில் வண்டி ஓடுகிறது. பக்கவாதமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். தொழிலை விட வேண்டியதுதானா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பக்கவாதம் திடீரென்று தாக்கும், மாதக்கணக்கில் இரவில் வந்து, உதறினால் போய்விடாது. உங்களுக்கு இருப்பது 'கார்பல் டனல்' பிரச்சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துச் செல்கின்றன. மணிக்கட்டை வளைத்தபடி நாள் முழுக்கக் கத்தரி பிடித்தால் தசைநாண்களின் உறை தடித்து, நரம்பு நசுங்கும். தூக்கத்தில் கையை மடக்கிப் படுப்பதால் இரவில் தொல்லை கூடுகிறது.

எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். கட்டைவிரலிலிருந்து மோதிர விரலின் பாதிவரை மரத்து, சுண்டுவிரல் தப்பித்தால் இந்த நரம்புதான். சுண்டுவிரலும் மரத்தால் முழங்கையையோ கழுத்தையோ பார்க்க வேண்டும். மரப்பு இல்லாமல் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரம் சுரீரென்று வலித்தால் அது வேறு: 'டி குவெர்வெய்ன்' எனும் தசைநாண் உறை வீக்கம். கத்தரிக்காரர்களுக்கு அதுவும் வரும்.

வலி மாத்திரை நரம்பின் நெருக்கடியைத் தீர்க்காது. வயிற்றையும் சிறுநீரகத்தையும்தான் கெடுக்கும். எலும்பு மருத்துவரிடம் காட்டி, நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் இந்தச் சந்து நெருங்கும், அவற்றையும் பாருங்கள். ஆரம்ப நிலையில், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை சில வாரங்களிலேயே பலருக்குப் பலன் தருகிறது. போதாவிட்டால் ஊசி, அதற்கும் மேலே சிறிய அறுவை சிகிச்சை.

இனி கடைக்கு வருவோம். ஏற்றி இறக்கும் நாற்காலி இருந்தும் பலர் அதன் மிதியைத் தொடுவதே இல்லை. வாடிக்கையாளரின் தலை உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்தால் தோளும் தூக்க வேண்டாம், மணிக்கட்டும் வளைய வேண்டாம். மழுங்கிய கத்தரி ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் அழுத்தம் கேட்கும். சாணைக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு தலை முடிந்து அடுத்தவர் உட்காரும் முன் விரல்களை விரித்து நீட்டுங்கள். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை என்றால் கைக்கும் விடுமுறை. அன்று மொபைலைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

தொழிலை விட வேண்டியதில்லை. ஆனால் இன்றே இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது கட்டைவிரலின் அடிச்சதை இடதைவிட மெலிந்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள். அந்தச் சதை கரைந்துவிட்டால், பிறகு என்ன சிகிச்சை செய்தாலும் முழுதாகத் திரும்புவது கடினம்.