அப்பா கொண்டு வந்த கல் இலை

என் அப்பா மேலூர் பக்கம் கல் உடைக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். போன வருடம் ஒருநாள் துண்டில் சுற்றி ஒரு கல்லைக் கொண்டு வந்தார். அதன் மேல் கறுப்பாக, பெரணி இலை மாதிரி ஓர் உருவம்.

"கோடி வருஷத்து இலையாம். வித்தா நல்ல காசு வரும்ங்கிறாங்க, உன் பீஸுக்கு ஆகும். நீதான் படிக்கிறியே, பார்த்துச் சொல்லுப்பா" என்றார்.

நான் சிவில் மாணவன். மூன்று வழிகளில் சோதித்தேன்.

1. கல்லின் இனம்: இலை படிவமாக மாற வேண்டுமானால் சேற்றிலோ மணலிலோ புதைய வேண்டும். எனவே படிவுப் பாறையில்தான் தேடணும். மேலூர்க் கல்லோ பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான நைஸ் பாறை. அதில் இலை தப்புமா?

2. உருவம்: நிஜ இலையில் காம்பு, நரம்பு எல்லாம் ஓர் ஒழுங்கோடு இருக்கும். இதில் நடு நரம்பே இல்லை. கல்லின் விரிசல் ஓரத்தில் தொடங்கி, கிளை கிளையாகப் பிரிந்து போகிறது.

3. கறுப்புப் பொருள்: மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டேன். கறுப்புக் கோட்டில் மட்டும் நுரை பொங்கியது. மாங்கனீசு ஆக்சைடு!

விரிசலில் கசிந்த நீர் விட்டுச்சென்ற தாது இது. பெயர் டென்ட்ரைட். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் பெயிண்ட் வைத்து அழுத்திப் பிரித்தால் இதேபோலக் கிளை விடும், செய்து பாருங்கள்.

நிஜத் தாவரப் படிவங்களும் நம் மாநிலத்தில் உண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கல்மரங்கள் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்க் கல்மரம் 18 மீட்டர் நீளம். 1940-ல் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை ஆராய்ந்து வெளியுலகுக்குச் சொன்னார். நமக்குப் பக்கத்தில் சிவகங்கைப் பகுதிப் படிவுப் பாறைகளிலும் தாவரப் படிவங்கள் கிடைத்துள்ளன. அவற்றை எடுத்து வராமல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

அப்பாவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. பீஸ் நினைப்பு வாயைக் கட்டிப்போட்டது. மூன்றாம் நாள் சொன்னேன். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது தண்ணி வரைஞ்ச படம். தெரியாம வித்திருந்தா ஒருத்தனை ஏமாத்தின பாவம் வந்திருக்கும்" என்றார்.

கல் இன்றும் எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அப்பாவே விளக்கம் சொல்கிறார்.